அமைதிப்படைத் தீர்மானத்தை வரிக்கு வரி வாசிப்பது எப்படி?

ஊர் எரிகிறது, மக்கள் கொல்லப்படுகிறார்கள், ஐ.நா. படை முகாம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் யாரும் வரவில்லை. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் "ஐ.நா. என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதிலில் பெரும்பகுதி, அந்தச் சம்பவத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய சில பக்கத் தீர்மானத்தில் எழுதப்பட்டிருக்கும். எந்த வல்லரசு எதை விட்டுக்கொடுத்தது, எதைத் தடுத்தது, எதற்குப் பணம் தர மறுத்தது என்பதெல்லாம் அந்த வரிகளில் பதிந்து கிடக்கும். வாசிக்கத் தெரிந்தால் ஒரு படை எங்கே இடறும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

நான்கு ஆவணங்கள் வேண்டும். நான்கும் ஐ.நா.வின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று, தீர்மானம். எண்ணும் ஆண்டும் சேர்த்துத் தேட வேண்டும்: 1706 (2006) என்பது போல. இரண்டு, அது வாக்கெடுப்புக்கு வந்த கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவு. மூன்று, தீர்மானத்துக்குச் சில வாரங்கள் முன்னால் பொதுச்செயலாளர் கொடுத்த அறிக்கை. நான்கு, அந்தப் படையின் ஆண்டு பட்ஜெட்டும் எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்ற மாதாந்திரப் பட்டியலும்.

தீர்மானத்தை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. பொதுச்செயலாளர் எவ்வளவு கேட்டார், கவுன்சில் எவ்வளவு கொடுத்தது என்ற இடைவெளியில்தான் அரசியல் இருக்கிறது. போஸ்னியாவில் 1993-ல் 'பாதுகாப்புப் பகுதிகள்' என்று ஆறு ஊர்கள் அறிவிக்கப்பட்டன. ஒழுங்காகச் செய்ய ஏறத்தாழ 34,000 வீரர் தேவை என்று ஐ.நா. செயலகம் கணக்குக் கொடுத்தது. கவுன்சில் தேர்ந்தெடுத்தது 7,600 பேர் கொண்ட 'இலகுவான' வழியை. அந்த ஆறில் ஒன்று ஸ்ரெப்ரெனிட்சா. 1995 ஜூலையில் அது போஸ்னிய செர்பியப் படைகளிடம் வீழ்ந்தது, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அறிக்கையையும் தீர்மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தப் பள்ளம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

வாக்குக் கணக்கு

கவுன்சிலில் 15 உறுப்பினர்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தும் நிரந்தரம். மற்ற பத்தும் இரண்டாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவை. தீர்மானம் நிறைவேற 9 ஆதரவு வாக்குகள் வேண்டும், ஐவரில் ஒருவரும் எதிர்த்து வாக்களித்திருக்கக் கூடாது. அந்த எதிர்வாக்குதான் வீட்டோ. நிரந்தர உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்கினால் அது வீட்டோ ஆகாது. ஐ.நா. சாசனத்தின் 27-ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் இப்படித் தோன்றாது. நடைமுறையில் ஊன்றிய வழக்கம் இது, 1971-ல் சர்வதேச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது.

ஆகவே வல்லரசு ஒதுங்கியிருந்தால் அதை நடுநிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "தடுக்க மாட்டேன், ஆனால் இதற்காக என் நண்பர்களை நெருக்கவும் மாட்டேன்" என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கூட்டப் பதிவில் வாக்குக்குப் பிந்தைய விளக்க உரையைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும்.

வீட்டோ விழுந்த இடங்களில் காரணம் களத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மாசிடோனியாவில் எல்லைக் காவலுக்கு நின்ற ஐ.நா. தடுப்புப் படையை 1999 பிப்ரவரியில் சீனா வீட்டோ செய்து முடித்தது. தன் பகுதி என்று சீனா சொல்லும் தைவானை, அதற்கு முந்தைய மாதம் மாசிடோனியா அங்கீகரித்திருந்தது. 1997 ஜனவரியில் குவாத்தமாலாவுக்கு ராணுவப் பார்வையாளர்களை அனுப்பும் தீர்மானத்தையும் சீனா முதலில் தடுத்தது. அங்கும் தைவான் விவகாரம்தான். பத்து நாளில் பேசித் தீர்த்து அது நிறைவேறியது. 2002-ல் போஸ்னியப் படையின் நீட்டிப்பை அமெரிக்கா வீட்டோ செய்ததற்கு போஸ்னியாவோடு தொடர்பே இல்லை. தன் வீரர்கள் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கை வைக்கக் கூடாது என்பதே அதன் கவலை. அடுத்த மாதமே அதற்கேற்ற விலக்கைத் தீர்மானம் 1422 வழியாக வாங்கிக்கொண்டது. 2009 ஜூனில் ஜார்ஜியாவில் இருந்த பார்வையாளர் படை ரஷ்ய வீட்டோவால் மூடப்பட்டது. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவைத் தனி நாடாக ரஷ்யா அங்கீகரித்துவிட்ட நிலையில், ஜார்ஜியாவின் எல்லை பற்றிய பழைய வாசகத்தை அது ஏற்கவில்லை. எனவே ஒரு படையின் ஆயுளைக் கணிக்கும்போது அந்த நாட்டின் போரை மட்டும் பார்த்தால் போதாது. ஐவரோடும் அந்த நாட்டுக்கு என்ன கணக்கு வழக்கு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பேனா யார் கையில்?

ஒவ்வொரு நாட்டுப் பிரச்சினைக்கும் தீர்மான வரைவை எழுதும் நாடு ஒன்று உண்டு. பேனா பிடிக்கும் நாடு என்றே ராஜதந்திரிகள் சொல்வார்கள். நெடுங்காலமாக மாலி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, காங்கோ, லெபனான் ஆகியவற்றுக்குப் பிரான்ஸ். சைப்ரஸ், சூடான், சோமாலியாவுக்குப் பிரிட்டன். தென் சூடானுக்கு அமெரிக்கா. பழைய குடியேற்ற ஆட்சியின் வரைபடம் இதில் பெருமளவு தெரிகிறது. எழுதுபவரோடு உள்நாட்டு அரசுக்குப் பகை வந்தால் படையின் காலடி மண் சரியத் தொடங்கும். மாலியில் பிரான்சோடு உறவு முறிந்த பிறகு, 2023 ஜூனில் ராணுவ அரசு படையைக் கிளம்பச் சொன்னது. அதே மாதம் 30-ஆம் தேதி கவுன்சில் தீர்மானம் 2690-ஐ ஒருமனதாக நிறைவேற்றி, டிசம்பர் 31-க்குள் வெளியேற உத்தரவிட்டது. பத்தாண்டு நின்ற, 15,000-ஐ ஒட்டிய படைக்குக் கிடைத்தது ஆறு மாதம்.

செயலகத்தின் பதவிகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 1997 முதல் அமைதி காக்கும் துறையின் தலைமைப் பதவியில் இருந்தவர் எல்லாரும் பிரெஞ்சுக்காரர். 2007 முதல் அரசியல் துறை அமெரிக்கர் வசம், மனிதாபிமான ஒருங்கிணைப்பு பிரிட்டிஷார் வசம், பொருளாதார சமூகத் துறை சீனர் வசம். எந்த விதியிலும் இப்படி எழுதப்படவில்லை. உலக வங்கிக்கு அமெரிக்கர், சர்வதேச நிதியத்துக்கு ஐரோப்பியர் என்ற வழக்கமும் அப்படியே. நிதியத்தில் முக்கிய முடிவுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. வீட்டோ என்ற சொல் இல்லாமலே வீட்டோ.

வினைச்சொல்லில் நின்று வாசியுங்கள்

தீர்மானத்தில் இரண்டு பகுதிகள். முதலில் எண் இல்லாத முகவுரைப் பத்திகள். 'நினைவுகூர்ந்து', 'கவலை தெரிவித்து' என்று போகும். அடுத்து எண் போட்ட செயற்பத்திகள். நேரம் குறைவென்றால் எண் போட்டவற்றை மட்டும் வாசியுங்கள். அவற்றிலும் வினைச்சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். 'முடிவு செய்கிறது' என்றால் கட்டளை. 'அதிகாரமளிக்கிறது' என்றால் செய்யலாம் என்ற அனுமதி. 'வலியுறுத்துகிறது', 'அழைப்பு விடுக்கிறது' என்றால் செய்யாவிட்டால் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. பேச்சுவார்த்தையில் ஒரு வல்லரசு எதிர்க்கும்போது பத்தி காணாமல் போவது அரிது. பெரும்பாலும் வினைச்சொல்தான் ஒரு படி கீழே இறங்கும்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். போஸ்னியாவின் பாதுகாப்புப் பகுதிகள் பற்றிய தீர்மானம் 836, படை அங்கே தாக்குதலைத் 'தடுக்கும் வகையில் அச்சுறுத்தலாக' இருக்க வேண்டும் என்கிறது. 'காக்க வேண்டும்' என்றோ 'தற்காக்க வேண்டும்' என்றோ சொல்லவில்லை. 9-ஆம் பத்தி படைபலத்துக்கு அனுமதி கொடுக்கிறது, ஆனால் 'தற்காப்புக்காகச் செயல்படும்போது' என்ற தொடரை முன்னால் செருகிவிட்டு. மக்களைக் காக்கத் துப்பாக்கி எடுக்கலாமா, தங்களைக் காக்க மட்டுமா? தளபதி இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தீர்மானம் தெளிவாகச் சொல்லவில்லை. சொற்கள் கவனமாகவே தவிர்க்கப்பட்டன என்பதை 1999-ல் வெளிவந்த ஐ.நா.வின் சொந்த அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. ஸ்ரெப்ரெனிட்சாவுக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் ஐ.நா.வின் நீலக்கொடியை நம்பி வந்தார்கள். அவர்களில் யாருக்கும் 9-ஆம் பத்தியின் வாசகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இன்றைய தீர்மானங்களில் இதே வேலையைச் செய்வது 'தன் திறனுக்கும் நிறுத்தப்பட்டுள்ள இடங்களுக்கும் உட்பட்டு' என்ற தொடர். பொதுமக்கள் பாதுகாப்புப் பத்தியில் ஏறத்தாழ எப்போதும் இது இருக்கும். இதைப் பார்த்ததும் அடுத்த கேள்வி: அந்தத் திறனைக் கொடுத்தார்களா?

'ஏழாம் அத்தியாயத்தின் கீழ் செயல்பட்டு' என்ற வரியை, அதாவது பலப்பிரயோகத்துக்கு இடம் தரும் சாசனப் பகுதியைச் சுட்டும் வரியை, பார்த்தவுடன் படைக்குப் பல் முளைத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு சட்ட அடிப்படை, அவ்வளவுதான். சில தீர்மானங்களில் முழுமைக்கும் பொருந்தும், சிலவற்றில் ஒரே ஒரு பத்திக்கு மட்டும். மறுபுறம், லெபனான் படையை விரிவாக்கிய 2006-ஆம் ஆண்டின் தீர்மானம் 1701 ஏழாம் அத்தியாயத்தைச் சொல்லவே இல்லை. ஆனாலும் அதன் 12-ஆம் பத்தி தேவையான எல்லா நடவடிக்கைக்கும் அதிகாரம் தருகிறது. 'அமைதி காத்தல்' என்ற சொல்லே சாசனத்தில் கிடையாது. ஆறாம் அத்தியாயத்தின் சமரசத்துக்கும் ஏழின் பலப்பிரயோகத்துக்கும் நடுவே இருப்பதால் 'ஆறரை அத்தியாயம்' என்று சொல்லும் வழக்கம் வந்தது.

பணிகளையும் எண்ணிப் பாருங்கள். எல்லா நாடும் தனக்குப் பிடித்த ஒரு வேலையைச் சேர்க்க, பட்டியல் நீண்டுகொண்டே போகும். தென் சூடான் படைக்கு 209 பணிகள் இருப்பதாகவும், அது நடக்கிற காரியமில்லை என்றும் 2018 மார்ச்சில் பொதுச்செயலாளர் குட்டரெஸ் கவுன்சிலிலேயே சொன்னார்.

ஆளும் பணமும்

எண்ணிக்கைப் பத்தியில் 'வரை' என்ற சொல் இருக்கும். 5,500 வரை என்றால் அது கூரை, தரையில் நிற்பது எத்தனை என்பது வேறு கணக்கு. இந்த வேறுபாட்டின் விலையை ருவாண்டா கொடுத்தது. 1993 அக்டோபரில் சுமார் 2,500 பேருக்கு அனுமதி. 1994 ஏப்ரல் 7-ல் படுகொலை தொடங்கியபோது பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட, பெல்ஜியம் தன் படையைத் திருப்பி அழைத்தது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் சோமாலியாவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். வாஷிங்டனுக்கு இன்னொரு ஆப்பிரிக்கப் பணியில் இறங்க மனமில்லை. ஏப்ரல் 21-ல் தீர்மானம் 912 படையை 270 பேராகக் குறைத்தது. மே 17-ல் தீர்மானம் 918 அதை 5,500 ஆக உயர்த்தியது. ஜூலை 25-ல் களத்தில் இருந்தவர்கள் 550. தாளில் பத்து மடங்கு, தரையில் ஒன்று. அதனால்தான் மாதாந்திரப் பட்டியல் வேண்டும் என்று முதலிலேயே சொன்னது. அனுமதி எண்ணையும் அந்த மாத எண்ணையும் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு ஹெலிகாப்டர், பொறியாளர் பிரிவு, கள மருத்துவமனை வந்துவிட்டதா என்றும் பாருங்கள். காலாட்படை கிடைத்துவிடும். ஹெலிகாப்டர் வைத்திருக்கும் நாடுகள்தான் கையை விரிக்கும்.

பணத்துக்கு வருவோம். ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து தனியாக, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையான கணக்கில் அமைதிப்படைச் செலவு ஓடுகிறது. 2024-25-க்கு சுமார் 560 கோடி டாலர். ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் தள்ளுபடியை நிரந்தர ஐவரும் சுமக்க வேண்டும். சிறப்பு அதிகாரத்துக்கான சிறப்புச் சுமை என்பது இதன் தர்க்கம். 2025-27-க்கு அமெரிக்காவின் பங்கு 26.16 சதவீதம், சீனாவின் பங்கு 23.79 சதவீதம். 2013-15-ல் சீனாவின் பங்கு 6.64 தான். உலக அதிகாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது கடினம்.

விதித்த தொகையும் வந்து சேர்ந்த தொகையும் ஒன்றல்ல. 25 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்று 1994-ல் அமெரிக்கா தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. வித்தியாசம் பாக்கியாகக் குவிகிறது. 1960-களில் காங்கோ படைக்குப் பணம் தர மாட்டோம் என்று சோவியத் யூனியனும் பிரான்சும் மறுத்தபோது, அது உறுப்பு நாடுகளின் கடமை என்று 1962-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அப்படியும் வசூலாகவில்லை. பாக்கிக்காரரின் வாக்குரிமையைப் பறிக்கும் சாசனத்தின் 19-ஆம் பிரிவைப் பயன்படுத்தினால் அமைப்பே உடையும் என்று பயந்து, 1964-ல் கூடிய பொதுச்சபை வாக்கெடுப்பைத் தவிர்த்தே காலம் தள்ளியது. 2025 அக்டோபரில் கையில் பணமில்லாமல் ஒன்பது பணிகளில் படையினரைக் கால்வாசி குறைக்கும் முடிவுக்குச் செயலகம் வந்ததும் இந்தப் பழைய நோயின் தொடர்ச்சிதான். வீட்டோ போடாமலே ஒரு படையை மெலிய வைக்கலாம்.

பாக்கி யார் தலையில் விழுகிறது? வீரர் அனுப்பிய நாடுகளின் தலையில். ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று ஐ.நா. அந்தந்த அரசுக்குக் கொடுக்கும். 2018-ல் அந்தத் தொகை 1,428 டாலர் ஆக்கப்பட்டது. வாகனத்துக்கும் கருவிக்கும் தனி வாடகை. நேபாளம், வங்கதேசம், ருவாண்டா, இந்தியா, பாகிஸ்தான் போன்றவை ஆள் கொடுக்கின்றன, ஐவர் கட்டளை எழுதுகிறார்கள். சீனாவைத் தவிர ஐவரில் யாரும் இன்று பெரிய எண்ணிக்கையில் வீரர் அனுப்புவதில்லை. உயிரைப் பணயம் வைப்பவரும் வாசகத்தை எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதன் விளைவு களத்தில் தெரியும். தளபதி உத்தரவிட்டதும் பிரிவு அதிகாரி தன் தலைநகருக்குப் போன் போடுவார். ஐ.நா.வின் உள் தணிக்கைப் பிரிவு 2014-ல் கணக்கெடுத்தது. 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் தாக்கப்பட்ட 507 சம்பவங்களில் 101-க்கு மட்டுமே படை உடனே போயிருந்தது. இந்த இரட்டைக் கட்டளைதான் அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. வீரர்களைக் கோழைகள் என்று திட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒப்புதல் உண்மையிலேயே இருக்கிறதா?

சூடானின் டார்ஃபூர் பகுதிக்கான தீர்மானம் 1706-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஆகஸ்டில் 12 ஆதரவோடு நிறைவேறியது. சீனா, ரஷ்யா, கத்தார் ஒதுங்கின. 17,300 வீரர் வரை அனுமதி, ஏழாம் அத்தியாயமும் உண்டு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். முதல் செயற்பத்தியைப் பாருங்கள்: இந்தப் பணிக்குச் சூடான் அரசின் ஒப்புதலை 'வேண்டுகிறது' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்லில் மொத்தப் படையும் தொங்கியது. சூடான் மறுத்தது. படை போகவில்லை. ஓராண்டு கழித்து, ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு கூட்டாக நடத்தும் கலப்புப் படையாகத் தீர்மானம் 1769 வந்த பிறகே வழி திறந்தது.

ஒப்புதல் கிடைத்த பிறகும் அதைச் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறலாம். விசா தாமதம், துறைமுகத்தில் தேங்கும் சரக்கு, பறக்க அனுமதி மறுப்பு என்று பல வழிகள் உண்டு. எத்தியோப்பியா-எரித்ரியா எல்லைப் படைக்கு எரித்ரியா டீசலை நிறுத்தியது. 2008 ஜூலையில் அந்தப் படையே கலைந்தது. பொதுச்செயலாளர் அறிக்கையில் 'நடமாட்டக் கட்டுப்பாடுகள்' என்ற தலைப்பு நீளத் தொடங்கினால் எச்சரிக்கையாகுங்கள்.

இன்னொரு குழப்பம்: ஐ.நா. 'நடத்தும்' படையும் ஐ.நா. 'அனுமதித்த' படையும் வேறு. 2023 அக்டோபரில் தீர்மானம் 2699 அனுமதித்த, கென்யா தலைமையிலான ஹைட்டி படைக்கு ஐ.நா. வீரர்களின் அடையாளமான நீலத் தொப்பி இருக்கவில்லை. செலவுக்குக் கட்டாயப் பங்கும் இருக்கவில்லை, நாடுகள் மனமுவந்து கொடுத்ததுதான். நீலப்படை என்றால் ரஷ்யாவும் சீனாவும் இணங்குமா என்ற ஐயம் இருக்கும் இடத்தில் இந்த வழி கையாளப்படுகிறது. ஆள் வந்து சேர்வதும் பணம் வந்து சேர்வதும் அதற்கேற்ப இழுபடும்.

கவுன்சிலே முடங்கும்போது பொதுச்சபை பக்கம் திரும்பலாம். 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ போட்டன. 1950-ஆம் ஆண்டின் 'அமைதிக்காக ஒன்றுபடுதல்' தீர்மானத்தின் வழியே விவகாரம் பொதுச்சபைக்குப் போய், முதல் ஆயுதமேந்திய அமைதிப்படை பிறந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் விவகாரமும் அதே வழியில் போனது. நடைமுறை வாக்கெடுப்பு என்பதால் ரஷ்யாவால் தடுக்க முடியவில்லை. ஆனால் பொதுச்சபை பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. சூயஸில் படை கிளம்ப முடிந்ததற்கு அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரே பக்கம் நின்றதும் காரணம். உக்ரைனில் அந்தச் சேர்க்கை இல்லை.

போன ஆண்டுத் தீர்மானத்தோடு ஒப்பிடுங்கள்

ஒன்றே ஒன்று செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான படைகளுக்கு ஆண்டுக்கொரு முறை நீட்டிப்பு வரும். இந்த ஆண்டு வாசகத்தையும் போன ஆண்டு வாசகத்தையும் பத்தி பத்தியாக அருகருகே வையுங்கள். மாறாத பத்திகள் நகல். மாறிய சொற்களில்தான் பேரம் நடந்திருக்கும். கால அளவைத் தனியாகக் குறியுங்கள். பன்னிரண்டு மாதம் ஆறாகவோ மூன்றாகவோ சுருங்கினால் ஐவருக்குள் ஒத்துவரவில்லை. எதையும் மாற்றாமல் சில வாரம் மட்டும் நீட்டினால் பேச்சு இன்னும் முடியவில்லை.

லெபனான் படையில் பயிற்சி எடுக்கலாம், ஆண்டுதோறும் ஆகஸ்டில் நீட்டிப்பு வந்த படை அது. 2022-ஆம் ஆண்டின் தீர்மானம் 2650-ல், ரோந்து போன்ற பணிகளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்ற வாசகம் புதிதாக நுழைந்தது. லெபனான் எதிர்த்தது. 2023-ல் அந்த வாசகம் தங்கியது, கூடவே அரசோடு ஒருங்கிணைப்பு தொடரும் என்ற சொற்களும் சேர்ந்தன. 2025 ஆகஸ்ட் 28-ன் தீர்மானம் 2790-ல் முதல் செயற்பத்திகளைப் பாருங்கள். 'நீட்டிக்க முடிவு செய்கிறது' என்று பல ஆண்டாக வந்த தொடரின் நடுவே 'கடைசி முறையாக' என்று இருக்கும். பக்கத்தில் 2026 டிசம்பர் 31 என்ற தேதி, அதன் பிறகு ஓராண்டுக்குள் திரும்பப் பெறுதல். 1978 முதல் அந்த மண்ணில் நிற்கும் படை அது.